நாக்கிங்கை நிறுத்திய மிட்ஜ்லி

இன்ஜின்ல இருந்து வர்ற சத்தத்துல முக்கியமா ரெண்டு வகை இருக்கு. பைக் வெச்சிருக்கற பாதிப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு மெக்கானிக்கிட்ட போய் நிக்கிறாங்க. அதனால ஆளைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி சத்தத்தைப் பத்திச் சொல்லிடறேன்.

முதல் வகை டேப்பட் சத்தம். டிக் டிக் டிக்னு தையல் மெஷின் மாதிரி ஒரே சீரா வரும். வண்டி நியூட்ரல்ல சும்மா நிக்கும்போதே கேட்கும். கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டோட பாதி வேகத்துலதான் சுத்தும்ங்கறதால, இந்த சத்தமும் இன்ஜின் வேகத்துல பாதிக் கணக்குலதான் வரும். காரணம், வால்வுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவுல இருக்கற சின்ன இடைவெளி தேய்மானத்துல கூடிப் போனது. ஃபீலர் கேஜை நுழைச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு டைட் பண்ணா சரியாயிடும். நிறைய கார்கள்ல இந்த இடைவெளியை இன்ஜின் ஆயிலே நிரப்பிக்கும், அதுக்குப் பேர் ஹைட்ராலிக் லிஃப்டர். ராத்திரி முழுக்க நின்ன காரை காலையில ஸ்டார்ட் பண்ணா சில நொடி டிக் டிக்னு அடிச்சுட்டு அடங்கும். ஆயில் பிரஷர் வந்ததும் லிஃப்டர் நிரம்பிடும், பயப்பட ஒண்ணும் இல்ல. அடங்கவே இல்லன்னா முதல்ல டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாக்கணும். அப்புறம் ஆயில் பழசாகி கசடு கட்டியிருக்கான்னு பாக்கணும். அதுக்கும் அப்புறம், மேனுவல்ல 5டபிள்யூ30 போடச் சொல்லியிருக்க யாராவது கெட்டியா இருந்தா நல்லதுன்னு 20டபிள்யூ50 ஊத்தியிருக்காங்களான்னு கேக்கணும். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜின்ல மேல ஏறவே நேரம் எடுத்துக்கும்.

ரெண்டாவது வகை நாக்கிங். இது நியூட்ரல்ல வராது. மேட்டுல, டபுள்ஸ் ஏத்திக்கிட்டு, டாப் கியர்லயே முறுக்கும்போது டங் டங்னு சுத்தியலால தட்டற மாதிரி உள்ள இருந்து வரும். ஆயில் மாத்தினாலும் டேப்பட் செட் பண்ணாலும் இது போகாது, பெரும்பாலும் பெட்ரோல் சம்பந்தப்பட்ட சத்தம். ஸ்பார்க் பிளக் பத்த வெச்ச தீ சிலிண்டருக்குள்ள பரவிக்கிட்டே வரும்போது, மூலையில மிச்சம் இருக்கற கலவை தீ வந்து சேர்றதுக்குள்ள சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காம தானாவே மொத்தமா வெடிக்கும். அந்த வெடிப்போட சத்தம்தான் நாக்கிங். தொடர்ந்து விட்டா பிஸ்டன் ஓட்டையாகும்.

இந்த ரெண்டாவது சத்தத்தை உலகம் முழுக்க நிறுத்திக் காட்டின ஆள்தான் தாமஸ் மிட்ஜ்லி. நம்ம மாதிரியே மெக்கானிக்கல் படிச்சவர். 1889 மே 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான், டயர் சம்பந்தமான வேலை. பையன் வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911ல் மெக்கானிக்கல் டிகிரி முடித்தார். வாழ்நாள் முழுக்க கெமிஸ்ட்ரியில பேர் வாங்கின இவர் கெமிஸ்ட்ரி டிகிரி படிச்சவரே இல்லைங்கறதை முதல்லயே ஞாபகம் வெச்சுக்குங்க.

1916ல் ஒஹையோவின் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் யாருன்னா, காரைக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற கொடுமையை ஒழிச்சு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொண்டு வந்தவர். அவர் தலையில அப்போ ஒரு பழி இருந்துச்சு. அவரோட பேட்டரி இக்னிஷன் வந்த பிறகுதான் இன்ஜின்கள் நாக் பண்ணுதுன்னு போட்டிக் கம்பெனிக்காரங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கிராமத்து வீடுகளுக்கு கரண்ட் தர்ற அவரோட கெரோசின் ஜெனரேட்டர் செட்டும் பயங்கரமா தட்டிக்கிட்டு இருந்துச்சு. காரணம் என்னன்னு கண்டுபிடிக்கற வேலை 27 வயசு மிட்ஜ்லிக்கு வந்தது.

அவர் செஞ்ச முதல் வேலை எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. எதையும் மாத்திப் பாக்கறதுக்கு முன்னாடி அளந்து பார்த்தார். சிலிண்டருக்குள்ள அழுத்தம் எப்படி ஏறி இறங்குதுன்னு வெளிச்சத்தை வெச்சு ஃபிலிம்ல பதிவு பண்ற ஒரு கருவியைக் கட்டினார். நாக்கிங் ஸ்பார்க்குக்கு முன்னாடி நடக்கல, தீ பிடிச்ச பிறகுதான் நடக்குதுன்னு அந்த ஃபிலிம் காட்டிச்சு. இக்னிஷன் மேல போட்ட பழி போச்சு. குற்றவாளி பெட்ரோல்.

அடுத்து நடந்தது கொஞ்சம் காமெடி. பனி உருகறதுக்கு முன்னாடியே பூக்கற ஒரு காட்டுச் செடிக்கு இலை சிவப்பா இருக்கும்னு கெட்டரிங்குக்கு ஞாபகம் வந்தது. சிவப்பு நிறம் சூட்டை நல்லா இழுக்குதோ, அப்போ எரிபொருளையும் சிவப்பாக்கினா சீக்கிரம் ஆவியாகி ஒழுங்கா எரியுமோன்னு யோசனை. மிட்ஜ்லி ஸ்டோருக்குப் போய் எண்ணெயில கரையற சிவப்பு சாயம் கேட்டார், இல்லை. அயோடின் இருந்தது, அதைக் கலந்தார். நாக்கிங் நின்னுடுச்சு! அப்புறம் நிஜமான சிவப்பு சாயங்களை வாங்கிக் கலந்தா ஒண்ணுமே ஆகல. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் கலந்தா மறுபடி நின்னுச்சு. தியரி தப்பு, ரிசல்ட் சரி. ஆனா அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிச்சுடும். அதனால தேடல் தொடர்ந்தது.

எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேக்கலாம். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு ஆட்டோ சைக்கிள் ஃபார்முலா தெரியும். அன்னைக்கு கார்களோட கம்ப்ரஷன் ரேஷியோ சுமார் 4. ஐடியல் எஃபிஷியன்சி போட்டுப் பாத்தா 43 சதவீதம் வரும். அதே ரேஷியோவை 8 ஆக்கினா 56 சதவீதம். அதே பெட்ரோல்ல இன்னும் தூரம் போகலாம், இல்ல சின்ன இன்ஜின்லயே அதே பவர் எடுக்கலாம். பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துடும்னு அன்னைக்கே அமெரிக்காவுல பயம் இருந்துச்சு. ஆனா ரேஷியோவை ஏத்தினா உடனே நாக்கிங் வந்து நிக்கும். அந்த ஒரு சத்தம்தான் மொத்த இன்ஜின் வளர்ச்சிக்கும் கேட் போட்டு வெச்சிருந்தது. மிட்ஜ்லி வெறும் சத்தத்தோட மல்லுக்கட்டலைங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

அனிலின் வேலை செஞ்சுது, புகை நாத்தம் தாங்கல. டெல்லூரியம் இன்னும் நல்லா வேலை செஞ்சுது, ஆனா அதோட பூண்டு நாத்தம் துணியில, தோல்ல, மூச்சுலன்னு ஒட்டிக்கிட்டு குளிச்சாலும் போகல. வீட்டுல இவங்களை எப்படிச் சேர்த்துக்கிட்டாங்களோ! கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா கலந்து பாக்கறதை விட்டுட்டு, பீரியாடிக் டேபிளை எடுத்து வெச்சு எந்தப் பக்கம் போனா பலன் கூடுதுன்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. டேபிள்ல கீழே போகப் போக பலன் கூடிச்சு. கூட வேலை பார்த்தவர்கள் தாமஸ் பாய்டும் கரோல் ஹாக்வால்ட்டும். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை கொஞ்சமே கொஞ்சம் கலந்தார்கள். டேட்டன் லேபில் அந்த இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர் பெட்ரோலுக்கு 3 மில்லி போதும்.

இங்க ஒரு விஷயத்தை வேகமாத் தாண்டிப் போகக்கூடாது. அந்த டிசம்பருக்கு முன்னாடியே மிட்ஜ்லி கையில் இன்னொரு விடை இருந்தது. ஆல்கஹால். நாக்கிங்கை ஆல்கஹால் நல்லா அடக்கும்னு அவருக்குத் தெரியும். பெட்ரோலும் ஆல்கஹாலும் கலந்த எரிபொருளுக்கு 1920ல் காப்புரிமைக்கே விண்ணப்பிச்சிருந்தார். 1921 அக்டோபரில் இண்டியானாபோலிஸில் நடந்த ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் கூட்டத்துக்கு 30 சதவீத ஆல்கஹால் கலந்த காரை ஓட்டிக்கிட்டுப் போய், இது சுத்தமா எரியுது, நாக் பண்ணலைன்னு காட்டினார். ரெண்டே மாசத்துல ஈயம் கிடைச்சதும் கதை மாறிடுச்சு.

ஏன் மாறிச்சுன்னு அவர் பக்கம் நின்னும் பாக்கலாம். கேலனுக்கு 3 மில்லி எங்க, மொத்தத்துல 30 சதவீதம் எங்க. அவ்வளவு ஆல்கஹாலுக்கு எவ்வளவு சோளம் வேணும்? அப்போ அமெரிக்காவில் மதுவிலக்கு வேற அமலில் இருந்தது. தொழிற்சாலை ஆல்கஹாலுக்கு அனுமதி இருந்தாலும் கெடுபிடி அதிகம். இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனா இன்னொரு காரணமும் இருக்கு. ஆல்கஹாலை எந்த விவசாயியும் வடிச்சுடலாம். ஈயத் திரவத்தோட உரிமை மொத்தமா ஒரே கம்பெனி கையில இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸுக்கு எது இனிச்சிருக்கும்னு சொல்லவே வேண்டாம். பிற்பாடு நாக்கிங்குக்கு ஈயத்தை விட்டா வேற வழியே இல்லைங்கற மாதிரி மிட்ஜ்லியும் பேச ஆரம்பிச்சார். என்னால இந்த இடத்துல அவரை விட்டுக்கொடுக்காம பேச முடியல.

ஈயம் விஷம்ங்கறது அன்னைக்குப் புதுச் செய்தி இல்லை. 1922லேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைத் தலைவர் இதைப் பத்திக் கேள்வி கேட்டு எழுதினார். பதில் எழுதியது மிட்ஜ்லி. இதைத் தீவிரமா யோசிச்சிருக்கோம், சோதனைத் தரவு எதுவும் எடுக்கலை, ஆனாலும் சாதாரணத் தெருவில் கண்டுபிடிக்கக்கூட முடியாத அளவுதான் ஈயம் இருக்கும் என்ற அர்த்தத்தில் அந்தப் பதில் போனது. நாக்கிங் எப்போ நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஃபிலிம் கருவியே கட்டின அதே மனுஷன், இந்தக் கேள்விக்கு எதையும் அளக்காமலேயே பதில் சொன்னார்.

அதுக்கு முதல் ஆதாரமா அவரே ஆனார். 1923 ஜனவரியில், சுமார் ஒரு வருஷம் ஈயச் சேர்மத்தோட வேலை பார்த்ததால் நுரையீரல் பாதிச்சிருக்கு, நல்ல காத்து வேணும்னு சொல்லிட்டு, பேச ஒத்துக்கிட்ட கூட்டங்களை ரத்து பண்ணிட்டு மியாமிக்கு ஓய்வெடுக்கப் போனார். அவர் ஓய்வில் இருந்தப்பவே, 1923 பிப்ரவரி 2 அன்று டேட்டன் நகர பங்க் ஒன்றில் புதுப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பேர் எத்தில். பேர்ல ஈயம்ங்கற வார்த்தை கிடையாது. அதே வருஷம் இண்டியானாபோலிஸ் 500 ரேஸில் முதலில் வந்த கார்கள் இந்தப் பெட்ரோலில்தான் ஓடின. அதுக்கு மேல விளம்பரம் தேவையா?

ஈயம் வந்ததும் வால்வுக்குப் புதுத் தலைவலி வந்தது. எரிஞ்ச ஈயம் ஆக்சைடா மாறி எக்ஸாஸ்ட் வால்வுலயும் ஸ்பார்க் பிளக்லயும் படிஞ்சது. வால்வு சரியா மூடாது, கருகிப் போகும். இதுக்கு மிட்ஜ்லி குழு எத்திலீன் டைபுரோமைடைச் சேர்த்தது. அது ஈயத்தை ஆவியாகற புரோமைடா மாத்தி சைலன்ஸர் வழியா வெளியே தள்ளிடும். தேவையான புரோமினுக்காக கடல் தண்ணியையே பிழிஞ்சாங்க. இன்ஜினியரிங்கா பாத்தா அழகான தீர்வு. இன்ஜின் சுத்தமாச்சு. தள்ளின ஈயம் மட்டும் தெருவுக்கு வந்தது.

1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின. கெட்டரிங் தலைவர், மிட்ஜ்லி துணைத் தலைவர். ரெண்டே மாசத்துல, நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரிச்ச தொழிலாளர்கள் திடீர்னு இல்லாததைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சாங்க. சிலரைக் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஐந்து பேர் இறந்தார்கள், 30க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். டேட்டனில் அதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் போயிருந்தாங்க. டூபான்ட் கம்பெனியின் டீப்வாட்டர் ஆலையிலும் சாவு விழுந்தது. இல்லாத பூச்சிகளைக் கையால விரட்டிக்கிட்டு நின்ன தொழிலாளர்களைப் பார்த்து அந்தக் கட்டடத்துக்கே பட்டாம்பூச்சி வீடுன்னு பேர் வந்தது.

அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். மிட்ஜ்லி அவங்க கண்ணு முன்னாடி டெட்ரா எத்தில் லெட்டைக் கையில ஊத்தி சோப்புப் போடற மாதிரி தேய்ச்சுக் கழுவினார். பாட்டிலை மூக்குக்கிட்ட வெச்சு ஒரு நிமிஷம் மோந்து காட்டினார். தினமும் இப்படிச் செஞ்சாலும் தனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார். மியாமியில ஓய்வெடுத்துட்டு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. இதை நான் முதல் தடவை படிச்சப்போ மனுஷன் பொய் சொல்றாரா, இல்ல தன்னையே நம்ப வெச்சுக்கிட்டாரான்னு யோசிச்சேன். இன்னும் முடிவுக்கு வரல.

நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்கள் தடை போட்டன. 1925 மே மாதம் கம்பெனியே விற்பனையை நிறுத்தி வைத்தது. அதே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் தொழில் நோய் மருத்துவத்தில் பெரிய பேர் வாங்கியிருந்த ஆலிஸ் ஹாமில்டனும், யேல் பேராசிரியர் யாண்டெல் ஹெண்டர்சனும் கடுமையா எதிர்த்தார்கள். தொழிலாளி சாவறது கண்ணுக்குத் தெரியும், ஊருக்குள்ள மெதுவா சேர்ற ஈயம் தெரியாதுங்கறதுதான் அவங்க கவலை. ஒரு கமிட்டி போட்டாங்க. 252 பேரைச் சோதிச்சுப் பார்த்து, தடை பண்ணப் போதுமான காரணம் இல்லைன்னு 1926 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. கூடவே, கார்கள் பெருகினா நிலைமை மாறலாம், ஆய்வைத் தொடரணும்னும் எழுதியிருந்தது. விற்பனை தொடர்ந்தது. ஆய்வு அந்த மாதிரி தொடரல.

மிட்ஜ்லி அடுத்த வேலைக்குப் போயிட்டார். அப்போதைய ஃபிரிட்ஜ்கள்ல அமோனியா, சல்ஃபர் டையாக்சைடு மாதிரி ஆபத்தான வாயுக்கள் இருந்தன, கசிஞ்சா ஆள் காலி. அதுக்குப் பதிலா அவர் கண்டுபிடிச்சது ஃப்ரீயான். 1930ல் அட்லாண்டாவில் அதை வாய் நிறைய இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைச்சுக் காட்டினார். ஓசோன் படலம் கதை ஸ்கூல்லயே படிச்சிருக்கோம், திரும்பச் சொல்லல. அது மேல போய் என்ன பண்ணும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. அதனால அதையும் ஈயத்தையும் ஒரே தராசுல வெச்சு அவரைத் திட்டறது சரியில்லைன்னு நெனைக்கிறேன்.

பெர்கின், பிரீஸ்ட்லி, கிப்ஸ்னு பதக்கங்கள் வரிசையா வந்தன. 1940ல், 51 வயதில், போலியோ தாக்கி கால்கள் விழுந்துடுச்சு. படுக்கையிலிருந்து எழுந்திருக்க கயிறு, கப்பி வெச்சு தனக்காக ஒரு அமைப்பை அவரே டிசைன் பண்ணார். 1944ல் அமெரிக்க கெமிக்கல் சொசைட்டியின் தலைவராகவும் ஆனார். அந்த வருஷம் நவம்பர் 2 அன்று ஒஹையோவின் வொர்திங்டன் வீட்டில் அந்தக் கயிறுகளில் கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

அப்போ உலகம் முழுக்க பெட்ரோல்ல ஈயம். பூமியோட வயசைக் கணக்குப் போடறதுக்காக பாறையில ஈயத்தை அளந்துக்கிட்டிருந்த கிளேர் பேட்டர்சன்தான், எங்க தொட்டாலும் ஈயமா இருக்கேன்னு எரிச்சலாகி அதோட மூலத்தைத் தேடிப் போனார். 1965ல் அவர் எழுதினதுக்கு அப்புறம் எதிர்ப்பு சூடு பிடிச்சது. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தது. ஈயம் பட்டா அதிலுள்ள பிளாட்டினம் செத்துடும், அதனால 1975 மாடல் கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயத் தேவை ஆச்சு. நம்ம நாட்டுல 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புதுக் கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல்.

ஈயம் போனப்போ பழைய கார்கள்ல ஒரு வேடிக்கை நடந்தது. எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதோட சீட்டுக்கும் நடுவுல ஈயப் படிவு ஒரு மெத்தை மாதிரி இருந்துச்சு. அது இல்லாம சீட் தேய்ஞ்சு வால்வு உள்ள இறங்கும், டேப்பட் இடைவெளி குறைஞ்சுகிட்டே வரும். டிக் டிக் சத்தம் கேட்காது. வண்டி அமைதியாயிடுச்சுன்னு ஓட்டினா ஒரு நாள் வால்வு முழுசா மூடாம கருகிடும். அனுபவப்பட்ட மெக்கானிக்குங்க சத்தமே வராத டேப்பட்டைத்தான் சந்தேகப்படுவாங்க, காரணம் இதுதான். இப்போ வர்ற இன்ஜின்கள்ல சீட் கடினமான உலோகத்துல வர்றதால இந்தப் பிரச்சினை இல்லை.

நாக்கிங் மட்டும் அதே நாக்கிங்தான். பங்க்ல பாக்கற ஆக்டேன் நம்பர் அது எவ்வளவு தூரம் தாங்கும்ங்கற கணக்கு, எத்தில் கார்ப்பரேஷனில் கிரஹாம் எட்கர் 1926ல் தொடங்கி வெச்ச அளவுகோல். கம்ப்ரஷன் கம்மியா இருக்கற 100 சிசி வண்டிக்கு மேனுவல்ல 91 போதும்னு இருந்தா, கூடக் காசு கொடுத்து பிரீமியம் பெட்ரோல் போடறதுல லாபம் இல்லை. சாதாரணப் பெட்ரோல்லயே இப்போ 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அதாவது மிட்ஜ்லி 1921ல் இண்டியானாபோலிஸுக்கு ஓட்டிக்கிட்டுப் போன அதே ஆல்கஹால். அதுக்கேத்த ரப்பர் பாகங்கள் 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்லதான் நிச்சயமா இருக்கும். அண்ணன்கிட்ட இருந்து கைமாறின பழைய பைக் வெச்சிருக்கறவங்க அடுத்த சர்வீஸ்ல டேப்பட் செட் பண்ணும்போது பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டர் வாஷரையும் ஒரு தடவை கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.